முரற்சியும் அராவலும்: வால்வு ஆம்பிளிபயரின் வேண்டாத ஓசைகள்

தமிழ்த்துறை மலரில் மின்கருவி ஒன்றன் பழுதைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். விடை நம் துறையின் மேசைமீதே இருக்கிறது. தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப்பாட்டு, கடற்கரை ஊர்களின் அம்பாப்பாட்டு எனப் பலவற்றை முன்னாள் ஆய்வு மாணவர்கள் ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்துச் சென்றனர். அவற்றை எழுத்தில் பெயர்க்கும் பணி இப்போது நடந்து வருகிறது. பாடியவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். மூதாட்டி ஒருவர் 'மனம்' என்று பாடினாரா, 'மணம்' என்று பாடினாரா என்று ஐயம் எழுந்தால் நேரில் சென்று கேட்க வழியில்லை. நாடாவில் எஞ்சிய ஒலியே சான்று. அவ்வொலியைக் கேட்பதற்கு இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் வால்வு ஹெட்போன் ஆம்பிளிபயர் ஒன்றைக் கட்டித் தந்தார். குரலை இயல்பாகத் தரும் கருவி அது. ஆயினும் பாடல் தொடங்குமுன்பே அதில் ஓர் 'உம்ம்' எழுந்தது. அவ்வோசை எங்கிருந்து வருகிறது, எவ்வாறு நீக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

டிரான்சிஸ்டரும் அதன் வழிவந்த சில்லுகளும் மலிந்துள்ள இக்காலத்தில் வால்வு எதற்கு என்ற வினாவுக்குள் நாம் புகவில்லை. நல்ல டிரான்சிஸ்டர் பெருக்கி, அளவீடுகளில் வால்வுப் பெருக்கியை எளிதில் விஞ்சும் என்பதே உண்மை. எனினும் வால்வின் வேலையைக் கண்ணால் கண்டு கற்கலாம். கையால் பிரித்துக் கட்டலாம். மாணவனுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் அரிது.

ஓசையின் வரலாறு

ஜான் ஆம்புரோஸ் பிளமிங் 1904ஆம் ஆண்டில் இருமுனை வால்வையும், லீ டி பாரஸ்ட் 1906இல் கிரிட் என்னும் வலையைச் சேர்த்த மும்முனை வால்வையும் அமைத்தனர். தொடக்ககால ரேடியோக்கள் பேட்டரியில் இயங்கின. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, உயர் மின்னழுத்தத்திற்கு மற்றொரு பேட்டரி. பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டமாதலால் முரலும் ஓசைக்கு இடமே இல்லை. வீட்டு மின்சாரத்தில் இயக்க முற்பட்டபோதுதான் தொல்லை தொடங்கியது. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். நம் நாட்டில் அது நொடிக்கு 50 முறை, அதாவது 50 ஹெர்ட்ஸ் அளவில் அலைகிறது. இழையை அதில் நேரே சூடாக்கினால் அதன் அலைவு முழுவதும் ஒலியில் கேட்கும். இதற்குத் தீர்வாகச் சூடாக்கும் இழையையும் மின்னணுக்களை உமிழும் கேதோடு என்னும் எதிர்மின்வாயையும் வெவ்வேறாகப் பிரித்தனர். அமெரிக்காவில் 1927இல் வந்த யுஒய்-227 அவ்வகை வால்வு. இன்று நாம் கையாளும் சிறு வால்வுகள் பெரும்பாலும் அதன் வழியினவே. முரலும் ஓசையை அடக்கும் முயற்சி வால்வின் உடலமைப்பையே மாற்றியது என்பது கருதத்தக்கது.

இரண்டு ஓசைகள்

நம் தெருவில் ரேடியோ பழுது பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். சிறுவர்க்கெல்லாம் அவர் 'ரேடியோ மாமா'. பெட்டியை எடுத்துச் செல்வோர் அவசரப்பட்டால், "மூடியைக் கழற்றுறதுக்கு முன்னாலே காதைத் தீட்டணும் தம்பி" என்பார். ஹம்மிங் வேறு, கரகரப்பு வேறு, பொரிவது வேறு என்று ஓசையைத் தரம் பிரித்த பிறகே அவர் திருப்புளியைத் தொடுவார்.

ஓசையைத் தரம் பிரித்துப் பெயரிடுவது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்பவற்றை அரவப் பொருளுக்கு உரியன என்றும், துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்பவற்றை இசைப் பொருளுக்கு உரியன என்றும் வேறுபடுத்துகிறது. அவற்றுள் அழுங்கல் என்பதற்குக் கேடு என்னும் பொருளும் உண்டு என்று அவ்வியலே கூறும். ஆம்பிளிபயரைத் திருத்த முனைவோர்க்கு இச்சொல் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

ஆங்கிலேயர் இருவகையாகப் பிரிக்கும் இவ்வோசைகளை முரற்சி, அராவல் என்று நாம் இக்கட்டுரையில் வழங்குவோம். முரற்சி வண்டு முரல்வதுபோல் மென்மையானது. ஆனால் தாழ்ந்த சுருதியில் சீராக ஒலிப்பது. அராவல் அரம் இரும்பை அராவுவதுபோல் கூர்மையானது. முரற்சியிலும் இருவகை உண்டு. 50 ஹெர்ட்ஸ் முரற்சி, காதில் படுவதைவிட மார்பில் உணரப்படுவதுபோல் மிகத் தாழ்ந்திருக்கும். 100 ஹெர்ட்ஸ் முரற்சி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே தெளிவாகக் கேட்கும். மாறுமின்னோட்டத்தின் இரு பாதிகளையும் டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்பும்போது 50 என்பது 100 ஆகிவிடுகிறது. ஆகவே 50 கேட்டால் குறை மின்திருத்தத்திற்கு முன்னுள்ள பகுதியைச் சார்ந்தது. 100 கேட்டால் பின்னுள்ள பகுதியைச் சார்ந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டையும் காதால் பிரித்தறிய இயலாதோர்க்கு அலைவெண்ணைக் காட்டும் கைப்பேசிச் செயலிகள் இன்று உதவுகின்றன.

செவியின் இயல்பையும் இங்கே அறிதல் வேண்டும். நல்ல செவிக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க ஏறத்தாழ 44 டெசிபல் வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்கு 27 அளவு போதும். 1000 ஹெர்ட்ஸுக்கோ 2 டெசிபலே போதும். ஒரு வோல்ட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். ஆம்பிளிபயரில் ஒரு மில்லிவோல்ட் வேண்டாத மின்னழுத்தம் இருப்பின் அது 40 டெசிபல் ஒலியாகும். அது 50 ஹெர்ட்ஸ் எனின் கேட்காது. 100 எனின் அமைதியான அறையில் கேட்கும். அராவலில் 100, 200, 300 என்று அடுக்கிச் செல்லும் மேல் அலைகள் ஆயிரத்தையும் தாண்டுவதால், மில்லிவோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கும் செவிக்குத் தட்டுப்படும். அளவுக்கருவியில் சிறிதாகத் தோன்றும் அராவல் காதில் பெரிதாக ஒலிப்பதன் காரணம் இதுவே.

நம் பணிக்கு அராவலே பெரும்பகை. ங, ஞ, ண, ந, ம, ன என்னும் மெல்லின எழுத்துகளின் மூக்கொலி 250 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வலுப்பெறுகிறது. 100இன் மூன்றாம் மடங்கு அவ்விடத்திலேயே வந்து அமர்கிறது. எழுத்துகளை வேறுபடுத்தும் நுண்குறிகள் இன்னும் மேலே, அராவலின் மற்றைய மடங்குகளுக்கு இடையே புதைகின்றன. மனமா மணமா என்னும் ஐயம் பாதி இங்கேதான் பிறக்கிறது.

மூடியைத் திறவாமல்

கருவியைத் திறக்காமலே அறியக்கூடியவை பல. முதலில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெறுங்காதால் கேட்க வேண்டும். ஓசை அப்போதும் பெட்டியிலிருந்து வருமாயின், அது மின்மாற்றியின் இரும்புத் தகடுகள் அதிரும் ஓசை. திருகாணிகளை இறுக்கினாலும் அடியில் ரப்பர் வைத்தாலும் குறையும். ஒலிப்பாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்து ஹெட்போனை மாற்றிப் பார்த்தல். 300 ஓம் தடையுள்ள ஹெட்போனில் அமைதியாக இருக்கும் வால்வுப் பெருக்கி, செவிக்குள் செருகும் சிறு கேட்பிகளில் உறுமும். அவை ஒரு வோல்ட்டுக்கு 115 டெசிபலும் அதற்கு மேலும் தரவல்லன. அவ்விடத்தில் பழுது என்று எதுவும் இல்லை; பொருத்தமில்லாத இணை என்பதே உண்மை.

பின்னர் வால்யூம் திருகு. அதைத் திருப்ப ஓசை கூடிக்குறைந்தால், குறை திருகுக்கு முன்னே, அதாவது உள்ளீட்டில் அல்லது டேப்ரிக்கார்டரில் உள்ளது. திருப்பியும் மாறாவிடில் திருகுக்குப் பின்னே உள்ளது. நடுவழியில் மிகுந்து முழுதும் திருப்பும்போது குறைந்தால், திருகிலிருந்து கிரிட்டுக்குச் செல்லும் கம்பி சுற்றுப்புறத்து மின்புலத்தை வாங்குகிறது; அதற்கு உறைக்கம்பி இட வேண்டும். ஒரு காதில் மட்டும் கேட்டால் அப்பக்கத்து வால்வையோ இணைப்பையோ ஐயுற வேண்டும். இரு காதிலும் ஒருபடித்தாகக் கேட்டால் பொதுவான மின்வழங்கியை ஐயுற வேண்டும்.

உள்ளீட்டுக் கம்பிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, உள்ளீட்டு முனையைக் குறுக்கிணைத்துக் கேட்பதும் இன்றியமையாதது. அப்போது அமைதி நிலவினால் ஆம்பிளிபயர் குற்றமற்றது. மின்னேற்றியில் செருகப்படாத கைப்பேசியிலிருந்து பாட்டை அனுப்பிப் பார்க்கலாம். கைப்பேசியில் அமைதியும் கணிப்பொறியில் ஓசையும் எனின், இரு கருவிகளின் எர்த் வழியே மின்னோட்டம் சுற்றி வருகிறது என்பது தெளிவு. இதனைப் பின்னர் விரிப்போம். மின்விசிறி ரெகுலேட்டரையும் எல்.இ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதும் வேண்டும். விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அராவலின் குரலும் மாறினால் குற்றவாளி சுவரில் இருக்கிறான்.

மூடியைத் திறந்தபின்

திறக்குமுன் ஒரு செய்தி. வால்வுப் பெருக்கியின் உள்ளே 200 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் உண்டு. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். 100 மைக்ரோபாரட் மின்தேக்கியோடு 220 கிலோ ஓம் வடிதடை இணைக்கப்பட்டிருந்தால் 300 வோல்ட் 30 ஆக இறங்க ஏறத்தாழ 50 நொடி ஆகும். அத்தடை இல்லாவிடில் நெடுநேரம் நிற்கும். மீட்டர் கொண்டு அளந்து, வோல்ட் வடிந்தது உறுதியான பின்பே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேரிட்டால் ஒரு கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். மின்னோட்டம் இரு கைகளினூடே நெஞ்சைக் கடக்காதிருக்க அது உதவும். மாணவர்கள் இப்பணியைத் தனியே இருந்து செய்யலாகாது.

நம்மிடம் உள்ள கருவி, முன்னே 12ஏயு7 வால்வும் பின்னே 6080 வால்வும் கொண்டது. 6080இன் அகத்தடை மிகக் குறைவு ஆதலின் வெளியீட்டு மின்மாற்றி இல்லாமலே ஹெட்போனை இயக்கும். அதன் இழை மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் எடுக்கிறது. இவ்வளவு மாறுமின்னோட்டம் ஓடும் கம்பி தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தைப் பரப்பும். 50 ஹெர்ட்ஸ் முரற்சி வரின் முதலில் நோக்க வேண்டியது இக்கம்பிகளையே. இரண்டையும் இறுக முறுக்கிப் பெட்டியின் மூலையோரமாகக் கொண்டு செல்ல வேண்டும். கிரிட் கம்பியைக் கடக்க நேரிட்டால் குறுக்காகக் கடக்க வேண்டும்.

இழைச் சுற்று மிதந்துகொண்டு இருக்கலாகாது. இழையின் இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் தடை ஒவ்வொன்று இட்டு, அவை கூடும் நடுப்புள்ளியை நிலைப்படுத்தினால் முரற்சி பெரிதும் அடங்கும். நம் கருவி போன்றவற்றில் 6080இன் கேதோடு 100 வோல்ட் அளவில் உயர்ந்து நிற்பதால், இழைக்கும் கேதோடுக்கும் இடையே மின்கசிவு ஏற்பட வாய்ப்பு மிகுதி. அந்நடுப்புள்ளியைச் சுழி வோல்ட்டில் வையாமல் 40 அல்லது 50 வோல்ட்டுக்கு உயர்த்தி வைத்தால் கசிவு குறையும். இவை எல்லாம் செய்தும் முரற்சி நீங்காவிடில் வேறு வால்வைப் பொருத்திப் பார்ப்பதே வழி.

100 ஹெர்ட்ஸ் முரற்சியின் வரலாறு எளிது. கடைவீதியில் கண்டென்சர் என்று வழங்கும் மின்தேக்கிகள் சூட்டில் உலர்ந்து கொள்ளளவு குன்றுவதே பெரும்பாலும் காரணம். 50 மில்லியம்பியர் எடுக்கும் கருவியில் முதல் மின்தேக்கி 50 மைக்ரோபாரட் எனின், அதன்மேல் ஏறத்தாழ 10 வோல்ட் ஏற்றயிறக்கம் நிற்கும். அடுத்துள்ள 10 ஹென்றி சோக்கும் மற்றொரு 50 மைக்ரோபாரட் மின்தேக்கியும் அதனை இருநூறில் ஒரு பங்காக, 50 மில்லிவோல்ட்டாக அடக்கும். இரு மின்தேக்கிகளும் உலர்ந்து 10 மைக்ரோபாரட் ஆகிவிட்டால் அந்த 50 மில்லிவோல்ட் ஒரு வோல்ட்டைத் தாண்டும். மின்சாரத்தை நிறுத்தி, வோல்ட் வடிந்த பின், ஐயத்திற்குரிய மின்தேக்கிக்கு இணையாக நல்லதொன்றைத் துருவம் மாறாமல் பற்றவைத்து மீண்டும் இயக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஓடும்போதே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது சில கடைகளில் வழக்கம். அது தீப்பொறிக்கும் விபத்துக்கும் வழி.

அராவலுக்கு வருவோம். இதில்தான் படித்தவரும் தடுமாறுகின்றனர். மின்மாற்றியிலிருந்து டையோடு வழியே முதல் மின்தேக்கிக்குச் செல்லும் மின்னோட்டம் சீராகச் செல்வதில்லை. அலையின் உச்சியில் மட்டும், நொடிக்கு நூறு முறை, குறுகிய பாய்ச்சல்களாகச் செல்கிறது. சராசரி 50 மில்லியம்பியரே ஆயினும் பாய்ச்சலின் உச்சம் அரை ஆம்பியர் வரை எட்டும். அது திரும்பி வரும் கம்பி நமக்குக் கறுப்பு நிறத்துச் சுழிக்கம்பியாகத் தோன்றுகிறது. வரைபடத்திலும் எல்லாச் சுழிப்புள்ளிகளும் ஒன்றே. கம்பியோ வரைபடத்தை அறியாது. அரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.0034 ஓம் தடை உண்டு. அரை ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கும் இடையே 1.7 மில்லிவோல்ட் தோன்றும். உள்ளீட்டின் சுழிக்கம்பியை அத்துண்டில் எங்கேனும் பற்றவைத்திருந்தால் அந்த 1.7 மில்லிவோல்ட் பாட்டோடு சேர்ந்து கிரிட்டில் ஏறிப் பன்மடங்காகும். மின்தேக்கியை எத்தனை பெரிதாக மாற்றினும் இது போகாது; பாய்ச்சல் இன்னும் கூர்மையாகி அராவல் மிகுவதும் உண்டு.

இதற்கு மருந்து பற்றவைக்கும் இடத்தை மாற்றுவதே. மின்மாற்றியின் திரும்புகம்பி நேரே முதல் மின்தேக்கியின் எதிர்முனைக்கு வந்து முடிய வேண்டும். அங்கிருந்து தனியொரு கம்பி அடுத்த மின்தேக்கிக்கும், அங்கிருந்து பின் வால்வு, முன் வால்வு, உள்ளீட்டு முனை என்று வரிசையாகவும் செல்ல வேண்டும். பாய்ச்சல் ஓடும் துண்டில் பாட்டுக்குப் பங்கு இருத்தலாகாது. நம் கருவியில் ஒரே ஒரு கம்பியை நான்கு விரல் தொலைவு நகர்த்தியதில் அராவல் நீங்கியது; புதிய உறுப்பு எதுவும் வாங்கவில்லை. எஞ்சும் சிறு அராவல், டையோடுகள் திடீரென மூடிக்கொள்வதால் எழலாம். மென்மையாக மூடும் வேக வகை டையோடுகளை இட்டால் அதுவும் குறையும்.

எர்த் கம்பி

நம் கருவியைக் கணிப்பொறியோடு இணைத்து நாடாக்களை எண்முறைப் பதிவாக மாற்ற முற்பட்டபோது புதியதொரு முரற்சி எழுந்தது. பழுது பார்க்கும் கடையொன்றிற்குக் கொடுத்தனுப்பினோம். ஓசையின்றித் திரும்பி வந்தது. பிளக்கைத் திறந்து பார்த்தால், பச்சைக் கம்பி வெட்டப்பட்டிருந்தது. மூன்று முனைகளுள் நீண்டு தடித்திருக்கும் எர்த் முனை வெறும் அலங்காரமாக நின்றது.

ஓசை நின்றதன் காரணம் அறிவது எளிது. கணிப்பொறிக்கு ஓர் எர்த், ஆம்பிளிபயருக்கு ஓர் எர்த். இரண்டையும் ஒலிக்கம்பியின் மேலுறையும் இணைப்பதால் ஒரு வளையம் உண்டாகிறது. இரு எர்த் புள்ளிகளுக்கும் இடையே இருக்கும் சிறு மின்னழுத்த வேறுபாடு அவ்வளையத்தில் மின்னோட்டத்தைச் செலுத்த, அது முரற்சியாகக் கேட்கிறது. ஒரு எர்த்தை வெட்டினால் வளையம் அறுபடும், முரற்சியும் நிற்கும்.

அதன் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். எர்த் இருக்கும் கருவியில் மின்மாற்றியின் காப்பு பழுதாகி 230 வோல்ட் பெட்டியைத் தொட்டால், பெரும் மின்னோட்டம் தரைக்குப் பாய்ந்து பியூஸ் உருகும், கருவி நிற்கும். எர்த் இல்லாத கருவியில் அப்பெட்டி 230 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டு, ஓசையின்றி, ஒரு கைக்காகக் காத்திருக்கும். ஹெட்போனின் திரும்புகம்பி அப்பெட்டியோடு இணைந்தது. அதை மாணவன் தலையில் அணிந்துகொண்டு, கால் தரையில் பதிய, மறுகையால் கணிப்பொறியைத் தொட்டுக்கொண்டு அமர்கிறான். இரு முனைப் பிளக்குக்கு மாற்றும் அடாப்டரை இடைச்செருகுவதும் இதே செயல்தான். இதனைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

பச்சைக் கம்பியை மீண்டும் இணைத்தோம். இரு கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் செருகியதில் முரற்சி பாதியாயிற்று. இடையே ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்த ஒலி தனிப்பு மின்மாற்றியை வைத்ததில் முற்றும் நீங்கியது. கருவியைத் தாமே கட்டுவோர் வேறு வழியும் கைக்கொள்ளலாம்: பெட்டியை நேரே எர்த்தோடு இணைத்துவிட்டு, உள்ளே ஒலிச் சுழிக்கும் பெட்டிக்கும் இடையே மட்டும் 10 ஓம் தடை இடுவது. பழுது நேர்ந்தால் பெருமின்னோட்டம் கடந்து செல்ல, அத்தடைக்கு இணையாக 35 ஆம்பியர் தாங்கும் டையோடு பாலம் ஒன்றும் வேண்டும். எவ்வழியாயினும் பெட்டிக்கும் பச்சைக் கம்பிக்கும் இடையே எதுவும் வரலாகாது.

வால்யூம் திருகை வழக்கமான நிலையில் வைத்து, உள்ளீட்டைக் குறுக்கிணைத்துக் கேட்கும்போது விசிறியின் காற்றோசைக்கு அடியில் முரற்சி மறைந்துபோனால் அதற்கு மேல் துரத்துவது வேண்டாத வேலை. நாடாவுக்கே உரிய இரைச்சல் அதனினும் மிகுதி. நம் மேசைமீதுள்ள கருவி இப்போது அந்நிலையில் இருக்கிறது. அம்பாப்பாட்டு நாடாக்களுள் முதலாவது இந்த வாரம் மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்கப்படுகிறது. முன்பு கேள்விக்குறியிட்டு விட்ட சொற்களின் பட்டியல் அருகிலேயே இருக்கிறது.